மார்மன்களுக்கு இன்னும் ரெண்டு பெண்டாட்டியா? (கல்லறையில் பார்த்த மூன்று பெயர்)

லீஹை_மீனா:

மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் நிறைந்த அமெரிக்க மாநிலமான யூட்டாவுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. லீஹையில் வீடு. போன செப்டம்பரில்தான் எனக்கு ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் வாரமே சாப்பாட்டு மேசையில் உளறிக் கொட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் தனக்கு ஆறு அண்ணன் தம்பி, நான்கு அக்கா தங்கை என்றாள். நான் விளையாட்டாக "எல்லாருக்கும் ஒரே அம்மாவா?" என்று கேட்டுவிட்டேன். மேசையே கப்சிப். அவள் கோபப்படவில்லை. "ஒரே அம்மாதான், பாவம் அவங்க" என்று சிரித்தாள். எனக்குத்தான் அன்று முழுக்க முகம் எரிந்தது. சாயங்காலம் இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டு, "மார்மன்கள் பல மனைவி கட்டியதெல்லாம் 1890லேயே முடிந்துபோன கதை, இங்கே அதைக் கேட்காதே" என்றார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது கேட்க வந்தது வேறு.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, எழுபது தாண்டியிருப்பார். நாங்கள் குடிவந்த அன்றே சூடான ரொட்டியோடு வந்தவர். பனி விழுந்தால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார், நான் வெட்கப்பட்டு ஓடி வருவதற்குள் முடித்துவிடுவார். கண்புரை அறுவை செய்திருந்ததால் அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. மே மாதக் கடைசித் திங்கள், இங்கே எல்லாரும் கல்லறைக்குப் பூ வைக்கப் போகும் நாள். "கூட்டிக்கொண்டு போகிறாயா?" என்றார். வாளி நிறையத் தோட்டத்துப் பியோனிப் பூக்கள். கார் பூராவும் வாசம்.

கல்லில் மூன்று பெயர். நடுவில் அவர் கணவர். இடப்பக்கம் ஒரு பெண் பெயர், இறந்த வருடம் 1999. வலப்பக்கம் இந்த அம்மாவின் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, அதற்கப்புறம் வெறும் கல். மேலே ஆலயத்தின் படம் செதுக்கியிருந்தது. பின்பக்கம் ஏழு பிள்ளைகளின் பெயர். கடைசி இரண்டும் இவருடையவை. முதல் பூங்கொத்தை இடப்பக்கம் வைத்தார், அப்புறம் நடுவில். தன் பக்கம் வைக்கவில்லை. "நான்தான் நிற்கிறேனே" என்றார்.

திரும்பி வரும்போது, நான் கேட்காமலே: "நாங்கள் மூவரும் ஆலயத்தில் முத்திரிக்கப்பட்டவர்கள். மேலே போனால் நான் இரண்டாவது." (முத்திரித்தல் என்றால், சாவுக்குப் பிறகும் தொடரும்படி ஆலயத்தில் செய்துவைக்கும் திருமணமாம்.) கொத்தமல்லி விலை சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியும் இரண்டாம் தாரம்தான். வீட்டில் நல்லது நடப்பதற்கு முன்னால் மூத்தாளுக்குப் புடவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதைத் தானே எடுத்து உடுத்திக்கொள்வார். ஆனால் மேலே போய்ச் சேர்ந்து குடித்தனம் நடத்தப்போகிறோம் என்று பாட்டி நினைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இது பலதார மணமா இல்லையா? முடிந்த கதை என்கிறார்களே, எது முடிந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து கிண்டல் வேண்டாம், அந்த அம்மா எனக்கு வேண்டியவர்.

*

குறும்பன்77:

வள்ளி தெய்வானை செட்டப். இதில் என்ன குழப்பம்? 😄

*

பழைய_யூட்டாக்காரன்:

குறும்பன் தம்பி, கிண்டல் வேண்டாம் என்று கேட்டிருக்கிறாரே.

மீனா, நான் 23 வருடமாக சாண்டியில் இருக்கிறேன். மார்மன் சபையில் இல்லை, ஆனால் தெருவில் பாதிப்பேர் சபை ஆட்கள். நீங்கள் கேட்டதில் மூன்று சங்கதி பின்னிக் கிடக்கிறது.

முதலாவது பழைய கதை. ஜோசஃப் ஸ்மித் 1830இல் சபையைத் தொடங்கினார். பலதார மணத்துக்கான வெளிப்பாடு, அதாவது கடவுள் சொன்னதாக அவர் சொன்னது, 1843இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூ என்ற ஊரில் எழுதி வைக்கப்பட்டது. சபையின் வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 132ஆம் பிரிவு, இன்றும் அச்சில் இருக்கிறது. ஊரறியச் சொன்னது 1852இல், இங்கே யூட்டாவில் சால்ட் லேக்குக்கு வந்த பிறகு. அதுவரை ரகசியம். ஜோசஃப் ஸ்மித்துக்கு 30இலிருந்து 40 மனைவிகள் வரை இருந்திருக்கலாம், ஒருத்திக்கு 15 வயது நிறைய இன்னும் சில மாதம் இருந்தது என்பதைச் சபையே தன் இணையதளத்தில் 2014இல்தான் வெளிப்படையாக எழுதியது. ஏற்கெனவே வேறொருவருக்கு மனைவியாக இருந்த பெண்களோடும் அவருக்கு முத்திரித்தல் நடந்தது என்றும் அதிலேயே இருக்கிறது. என் நண்பர் ஒருவர், பிறந்ததிலிருந்து சபையில் இருப்பவர், அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அவருடைய கொள்ளுப்பாட்டி மூன்றாம் மனைவி. அது அவருக்குப் பெருமைதான். அந்தச் சிறுமியின் வயதுதான் தொண்டையில் நின்றது. இப்போது சபைக்குள்ளேயே, ஜோசஃப் ஸ்மித் இதைச் செய்யவே இல்லை, எல்லாம் அவருக்குப் பின் தலைவரான ப்ரிகம் யங் கட்டிய கதை என்று வாதாடுகிற ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பாவம், அவர்கள் படும் பாடு.

ஆனால் அந்தக் காலத்துப் பெண்களை எல்லாம் அடிமை என்று நினைத்துவிடாதீர்கள். மார்த்தா ஹியூஸ் கேனன் என்று ஒரு டாக்டர், ஒருவருக்கு நான்காம் மனைவி. 1896இல் யூட்டா மேலவைத் தேர்தலில் சொந்தக் கணவரும் எதிர்க்கட்சியில் நிற்க, அவரைவிட அதிக வாக்கு வாங்கி ஜெயித்தார். அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர். கணவனுக்கு நாலு மனைவி என்றால் ஒருத்திக்கு மாதத்தில் மூன்று வாரம் விடுதலை என்று பத்திரிகைக்குச் சொன்னவர். அதே வாயால் தலைமறைவாக இருந்த காலத்தின் கஷ்டத்தையும் கடிதங்களில் கொட்டித் தீர்த்தவர்.

1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை விட்டார், இனி இல்லை என்று. அதற்கு முன்பு மத்திய அரசு சபையின் சொத்தைப் பறிமுதல் செய்திருந்தது, ஆண்கள் நூற்றுக்கணக்கில் சிறையில். உங்கள் அலுவலகத்துக்காரர் சொன்ன '1890' இதுதான். ஆனால் அன்றோடு நின்றுவிடவில்லை. மெக்சிகோவிலும் கனடாவிலும் ஓசைப்படாமல் நடந்தது. 1904இல் இரண்டாவது அறிக்கை வந்து, மீறியவர்களை விலக்க ஆரம்பித்த பிறகுதான் உண்மையில் அடங்கியது.

இரண்டாவது சங்கதி, இன்றும் பல மனைவிகளோடு வாழ்கிறவர்கள். இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இந்தச் சபை இல்லை. பிரிந்து போன குழுக்கள். அரிசோனா எல்லையில் ஹில்டேல் பக்கம் கிராண்ட் கேன்யனின் வடகரைக்குப் போகும் வழியில் நான் கடந்திருக்கிறேன். சிவந்த மலைக்கு அடியில் விடுதி மாதிரி பெரிய பெரிய வீடுகள். அவர்களின் தலைவர் வாரன் ஜெஃப்ஸ் சிறுமிகளிடம் செய்த குற்றத்துக்காக 2011இல் டெக்சஸில் ஆயுள் தண்டனை பெற்றார். அவருடைய வீடு ஒன்று இப்போது தங்கும் விடுதி. இங்கே சபை உறுப்பினர் யாராவது இரண்டாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் உடனே வெளியேற்றம்தான். 2011இல் ப்யூ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்க மார்மன்களைக் கேட்டபோது பலதார மணம் ஒழுக்கக்கேடு என்றவர்கள் 86 சதவீதம். மது குடிப்பது தவறு என்றவர்கள் 54 சதவீதம்தான்! தெரு முழுக்க ஒரு பாட்டில் பார்க்க முடியாத ஊரில் இந்தக் கணக்கு.

மூன்றாவதுதான் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா. பூமியில் நிறுத்தியாயிற்று, ஆனால் மேலே நிறுத்தவில்லை. ஆலயத்தில் செய்யும் முத்திரித்தல் சாவோடு அறுவதில்லை. மனைவி இறந்தால் ஆண் இன்னொருத்தியோடும் முத்திரிக்கப்படலாம், இரண்டும் நிற்கும். சபைத் தலைவராக இருந்த ரஸ்ஸல் நெல்சனும், அவருக்குப் பின் தலைவரான டாலின் ஓக்ஸும் முதல் மனைவி இறந்தபின் மறுமணம் செய்து இப்படித்தான் இருவரோடும் முத்திரிக்கப்பட்டவர்கள். உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர்தான்.

*

வக்கீல்_குமாஸ்தா:

சட்டம் பற்றி ஒரு துணுக்கு. ரெனால்ட்ஸ் வழக்கு, 1879. ப்ரிகம் யங்கின் செயலாளராக இருந்தவர், இரண்டு மனைவி கட்டிய குற்றத்துக்கு எதிராக மத சுதந்திரத்தைச் சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். தீர்ப்பில் நீதிபதி கேட்ட ஓர் உதாரணம்: கணவன் சிதையில் விழுவது தன் மதக் கடமை என்று ஒரு மனைவி நம்பினால், அரசு தடுக்கக் கூடாதா? ஆக, யூட்டாக்காரரை உள்ளே தள்ள நம் பக்கத்து உடன்கட்டையைத்தான் எடுத்திருக்கிறார்கள். பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் என்று ஒரு இடிப்பு வேறு. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. (நம் சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாம் கல்யாணம் செய்யத் தடை வந்தது 1949இல். அதற்கு 59 வருடம் முன்பே உட்ரஃப் அறிக்கை. சிரிக்கிற வாய்கள் கவனிக்க.)

இப்போதைய நிலை: 2020இல் யூட்டா சட்டத்தைத் தளர்த்தியது. வயது வந்தவர்கள் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அது போக்குவரத்து அபராதம் அளவுக்கான சின்னக் குற்றம். கட்டாயமோ மோசடியோ சிறுமியோ இருந்தால் பழையபடி பெரிய குற்றம். சிறைக்குப் பயந்து புகார் கொடுக்காமல் இருந்த பெண்கள் வெளியே வரட்டும் என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அந்தக் குழுக்களிலிருந்து தப்பி வந்த பெண்களில் சிலர் இதை எதிர்த்தார்கள். நான் எதிர்த்தவர்கள் பக்கம். மாநில அரசியல் சட்டத்தில் 'என்றென்றும் தடை' என்ற வரி அப்படியே இருக்கிறது. 1896இல் மாநிலமாவதற்குக் கொடுத்த விலை அது.

*

கோவை_எஸ்தர்:

மீனா அக்கா, நான் சபை உறுப்பினர். கோயம்புத்தூர். தமிழில் இதைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

யூட்டாக்கார அண்ணா சொன்ன மூன்றாவது சங்கதி என் வீட்டில் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. எனக்கும் என் முதல் கணவருக்கும் ஹாங்காங் ஆலயத்தில் முத்திரித்தல் நடந்தது. டிக்கெட்டுக்கு இரண்டு வருடம் சேர்த்தோம், என் வளையல் இரண்டு போனது. (பெங்களூரில் ஆலயம் வரும் என்று 2018இல் அறிவித்தபோது எங்கள் ஜெபவீட்டில் எல்லாரும் அழுதோம்.) ஆலயத்தில் எதிரெதிரே கண்ணாடி இருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து நின்று பார்த்தால் உருவம் முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அவர் "எவ்வளவு தூரம் போனாலும் என் வழுக்கைதான் தெரியுது" என்றார். நான்கு வருடத்தில் மாரடைப்பு. எனக்கு 34.

அப்புறம் சபையிலேயே ஒருவரை மணந்தேன். நல்ல மனிதர். பையன் பிறந்தான். ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை இவரோடு முத்திரிக்க வேண்டுமென்றால் முதல் முத்திரித்தலை ரத்து செய்யச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும். இறந்துபோனவரை நான் எப்படி ரத்து செய்வேன்? செய்யவில்லை. அதனால் என் பையன் சபைப் பதிவில் உடன்படிக்கைக்குள் பிறந்தவன், எந்த உடன்படிக்கை என்றால் என் முதல் கணவரோடு செய்தது. அந்தக் கணக்கில் இவன் அவருடைய மகன். அவன் பார்த்தே இராத ஒருவர். எங்கள் பிஷப்பிடம் கேட்டேன். அவருக்கும் வருத்தம்தான். "ஆண்டவர் சரி செய்வார்" என்றார். நாங்கள் எல்லாரும் இறந்தபின், எங்களுக்காக வேறொருவர் நின்று இரண்டு கணவர்களோடும் என்னை முத்திரிக்கலாம், அதற்கு விதி இருக்கிறது. அங்கே போய் யாரோடு இருப்பது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் முதலில் பேசாமல் இருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, "மேலே போனதும் நான் அவரிடம் போய், உங்கள் மகனை நன்றாக வளர்த்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இங்கே ஜெபவீட்டில் பலதாரம் பற்றி யாரும் பேசுவதில்லை. வெளி ஆட்கள்தான் பேசுவார்கள். எங்கள் வேதநூலான மார்மன் புத்தகத்தில் யாக்கோபு என்ற பகுதியில் ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்று கண்டிப்பாக இருக்கிறது. கர்த்தர் சந்ததி எழுப்ப விரும்பிக் கட்டளையிட்டால் தவிர, என்று ஒரு வாசலும் அதிலேயே இருக்கிறது. அந்த வாசல் எப்போதாவது மறுபடி திறக்குமா என்று எனக்குத் தெரிந்த எல்லா சகோதரிகளுக்கும் உள்ளூர ஒரு பயம். ஆண்கள் யாரும் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

நான் நம்பிக்கை இழக்கவில்லை. ஆனால் 132ஆம் பிரிவை வாசிக்கும் வாரம் வந்தால் எனக்கு அன்று சமையலறையில் வேலை அதிகம் இருக்கும்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மா 'நான் இரண்டாவது' என்று சொன்ன விதம் எனக்குக் கேட்கிறது. அவரிடம் விளக்கம் சொல்லாதீர்கள் அக்கா. கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

*

குறும்பன்77:

எஸ்தர் அக்கா, மன்னியுங்கள். முதல் பதிலை எடுத்துவிட முயன்றேன், எடுக்க முடியவில்லை.

*

பழைய_யூட்டாக்காரன்:

எஸ்தர், என் மூன்றாவது சங்கதியை ஒரு வரியில் முடித்துவிட்டேன். விதி தெரியும், அதற்குள் ஒரு வீடு இருக்கும் என்று யோசிக்கவில்லை. ஒன்று மட்டும்: விவாகரத்தான ஆண் மறுபடி முத்திரிக்க அனுமதி வாங்கினால் போதும், பெண் பழையதை ரத்தே செய்ய வேண்டும். என் தெருவில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கடிதம் வர எட்டு மாதம் ஆனது.

*

லீஹை_மீனா:

எல்லாருக்கும் நன்றி. எஸ்தர், உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். நீங்கள் சொன்னபடி கேட்டேன்.

சனிக்கிழமை அந்த அம்மா ஒரு தட்டு கொண்டுவந்தார். உருளைக்கிழங்கைத் துருவி, சீஸும் க்ரீமும் போட்டு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கித் தூவி ஓவனில் வைப்பது. இங்கே துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற பண்டம், பெயரே 'சாவு உருளைக்கிழங்கு'. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லையே என்றேன். "நல்லா இருக்கும்போதே சாப்பிடு" என்றார். செய்முறை மூத்தாளுடையதாம். சமையலறை அலமாரியில் அவள் கையெழுத்திலேயே ஒரு அட்டை இருக்கிறது. உப்பு கொஞ்சம் குறைத்துப் போடு என்று இவர் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

"மேலே போனால் அவங்களோடு இருக்க வேண்டியிருக்குமே, அது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் நெஞ்சு படபடத்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 2019 அக்டோபர் சபை மாநாட்டில் ஓக்ஸ் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசினார் என்றார். மனைவியை இழந்தவரை மணக்கப்போகும் ஒரு பெண் அவருக்கு எழுதியதாம்: மறுமையில் எனக்குத் தனி வீடு கிடைக்குமா, இல்லை அவரோடும் முதல் மனைவியோடும் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமா? கர்த்தரை நம்பு என்று மட்டும் பதில் சொன்னேன் என்றார் ஓக்ஸ். கடிதத்தைச் சொன்னபோதே கூட்டம் சிரித்துவிட்டது.

"நானும் என் கணவரும் சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் சிரித்தார். அது என் கேள்வி, மீனா. இருபது வருடமாக என் கேள்வி. நான் எழுந்து தோட்டத்துக்குப் போய், உறைபனி விழுவதற்குள் இருக்கிற காய்த் தக்காளியை எல்லாம் பறித்தேன். இரண்டு வாளி. அவர் வந்து என்ன ஆயிற்று என்றார். தக்காளி என்றேன்."

மூத்தாள் மேல் கோபமா என்றேன். இல்லவே இல்லை என்றார். ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாளே, அவளிடம் பேச நிறைய இருக்கிறது, கடைசிப் பெண்ணின் கல்யாணத்தை அவள் பார்க்கவில்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்றார். தனி வீடு மட்டும் வேண்டுமாம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் சரி, நடுவில் தோட்டம் இருக்கட்டும்.

அடுத்த மே மாதத்துக்குக் கண் சரியாகிவிடும், தானே ஓட்டுவேன், ஆனாலும் நீ வா என்றார். சரி என்றேன்.

அட்மின், தலைப்பில் 'ரெண்டு பெண்டாட்டி' என்று போட்டது என் தவறு. மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் போதும்.